பூச்சியம் போடாத இருக்கு அண்ணை

கொழும்பில் கடை வைத்திருப்பவர்கள், கடையில் வேலை செய்பவர்கள், கடைக்கு முன்னால் சும்மா நிற்பவர்கள் எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்திப் பார்த்தாலும், 'இல்லை' என்ற சொல்லைச் சொல்லாமல் முப்பத்தொரு வருஷம் வியாபாரம் செய்தவர் ஒருவர்தான் அகப்படுவார். அவர் எங்கள் இருக்கு அண்ணை. அந்த முப்பத்தொரு வருஷத்தில் ஒரேயொரு தடவை அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்தது. அதற்குக் காரணம் நான். நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதியிலிருந்து பிரியும் ஒரு ஒழுங்கையில் எங்கள் கடை. பைப், எல்போ, வால்வு, வோஷர் என்று தண்ணீர் ஓடவும் ஒழுகவும் தேவையான எல்லாச் சாமானும் விற்கிற கடை. நான் அங்கே கணக்கு எழுதுகிறவள். வெள்ளவத்தையிலிருந்து இரண்டு பஸ் பிடித்து, இரண்டிலும் நின்றுகொண்டே வந்து சேருகிறவள். அவர் ஸ்டோர் கீப்பர். தாய் தகப்பன் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

கடைக்குள் 'இல்லை' சொல்லக்கூடாது என்பது எங்கள் ஆட்களிடம் உள்ள வழக்கம்தான். வீட்டில் அரிசிப் பேணி துடைத்துவிட்ட மாதிரி வெறுமையாகக் கிடந்தாலும் "அரிசி வாங்க வேணும்" என்பார்களே தவிர மற்றதைச் சொல்லமாட்டார்கள். லட்சுமி கோபித்துக்கொண்டு போய்விடுவாளாம். மற்றக் கடைக்காரர்கள் "முடிஞ்சுது" என்றோ "பேந்து வாங்கோ" என்று பிறகு வரச் சொல்லியோ சமாளித்துக்கொள்வார்கள். அண்ணை அந்த வழக்கத்தைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு ஆடினார்.

எங்கள் கடைக்கு வாடிக்கையாக வருகிற பைப் வேலைக்காரர் சுனில் பாஸ். பாதித் தமிழும் பாதிச் சிங்களமுமாகத்தான் கேட்பார்.

"அண்ணே, முக்கால் இஞ்சி எல்போ தியெனவாத?"

"தியெனவா, தியெனவா. ஹெட்ட என்ன."

இருக்கு, இருக்கு, நாளைக்கு வா என்று அர்த்தம். இருக்கிற சாமானுக்கு ஏன் நாளைக்கு வரவேண்டும் என்று சுனில் பாஸ் ஒரு நாளும் கேட்டதில்லை. மறுநாள் வருவார், எல்போ இருக்கும். இடையில் அண்ணை குடையை எடுத்துக்கொண்டு பின்கதவால் வெளிக்கிட்டு, பழைய சோனகத் தெரு வரைக்கும் நடந்து, நாலு கடை ஏறி இறங்கி, அந்த எல்போவோடு வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்திருப்பார்.

ஒரு நாள் பக்கத்துக் கட்டடத்து பார்மசி என்று நினைத்து, அழுகிற குழந்தையோடு ஒரு தாய் எங்கள் கடைக்குள் ஏறிவிட்டாள்.

"கிரைப் வோட்டர் இருக்கோ?"

"இருக்கு. இதில இருங்கோ."

அவளை ஸ்டூலில் இருத்திவிட்டு அண்ணை பின்கதவால் போய், முன்கதவால் வந்து, போத்தலைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வெளியே இறங்கும்போதுதான் அந்தப் பெண் தலைக்கு மேலே தொங்கிய பைப்புகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தேன்.

"உங்களுக்குக் கலியாணம்?" என்று புதிதாக வந்த வாடிக்கையாளர் ஒருவர் ஒருமுறை கேட்டார்.

"இருக்கு. வரும்" என்றார் அண்ணை. அப்போது அவருக்கு ஐம்பத்தாறு வயது.

பெற்றோலுக்கு வரிசை, சமையல் காஸுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை என்று நாடே வரிசையில் நின்ற காலத்தை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். எந்தக் கடையில் எதைக் கேட்டாலும் அந்த ஒரு சொல்தான் பதில். எங்கள் கடையில் மட்டும் எல்லாம் இருந்தது. அதாவது, சாமான் அடுக்கும் றாக்கையில் ஒன்றும் இல்லை, அண்ணையின் வாயில் எல்லாம் இருந்தது. அவருடைய 'நாளைக்கு' சில சாமான்களுக்கு நாற்பது நாளாக நீண்டது. ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். பிந்தினாலும் வந்தது. அவர் நாளைக்கு என்று சொன்ன எதுவும் வராமல் விட்டதை நான் கண்டதில்லை.

எவ்வளவு சாமான் கிடக்கிறது என்ற கணக்கு அவருடைய தலைக்குள் இருந்தது. தலை நிரம்பினால் பல்ப் பெட்டி மட்டையைக் கிழித்து, அதில் எழுதி, ஒரு கம்பியில் குத்தி வைப்பார். கம்பி நிரம்பினால் மட்டைகளை எடுத்து எறிந்துவிட்டு மறுபடியும் தலையிலிருந்து ஆரம்பிப்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த கடைக்கு மிஸ் வந்தார். முதலாளிக்கு முழங்கால் வருத்தம் கூடி வீட்டோடு இருந்துவிட, வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த மகள் பொறுப்பெடுத்தார். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். கேட்ட கேள்விக்கு நேரான பதில் வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர், அவ்வளவுதான். அப்படிப்பட்ட ஒருவரைக் கொண்டுவந்து இருக்கு அண்ணைக்கு முன்னால் நிறுத்தியது விதி.

"முக்கால் இஞ்சி வால்வு எத்தினை இருக்கு?"

"இருக்கு மிஸ்."

"எத்தினை?"

"தேவையான அளவு இருக்கு மிஸ்."

"நான் இப்பத்தானே பாத்தனான், றாக்கையில ஒண்டுகூட இல்லையே!"

அண்ணை நேரே போய்ப் பிள்ளையார் படத்துக்கு முன்னால் ஒரு கற்பூரத்தைக் கொளுத்தினார். கடைக்குள் யாராவது அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் ஒரு 'இல்லை'க்கு ஒரு கற்பூரம் என்பது அவர் வகுத்து வைத்திருந்த பரிகாரம். மிஸ்ஸுக்கு அது தெரியாது. பக்திமான் என்று நினைத்துக்கொண்டு காத்திருந்தார். கற்பூரம் அணைந்ததும் சொன்னார்:

"தைப்பொங்கலுக்கு முதல் இந்தக் கடைக்கு ஒரு சிஸ்டம் வேணும். ஸ்க்ரீன் சொல்லுற எண்ணிக்கையும் றாக்கையில கிடக்கிற சாமானும் ஒண்டா இருக்க வேணும். சரிவராட்டில் ஸ்டோர்ஸ கல்கிசைக்கு மாத்திப்போட்டு, அங்க புது ஆக்களை வைக்கப்போறன். அண்ணை ரெஸ்ட் எடுக்கட்டும்."

ரெஸ்ட் என்றால் என்ன என்று எங்கள் இருவருக்கும் விளங்கியது. அண்ணைக்குக் கொட்டாஞ்சேனையில் ஒரு வாடகை அறை, ஒரு குடை, இந்தக் கடை. இதில் மூன்றாவதை எடுத்துவிட்டால் மற்ற இரண்டையும் வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? இதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே என் வாய் தன்பாட்டில் திறந்துவிட்டது.

"நான் செய்து தாறன் மிஸ். நான் புரோகிராமிங் படிக்கிறனான்."

படிக்கிறனான் என்பது உண்மைதான். வெள்ளவத்தையில் ஒரு இடியப்பக் கடைக்கு மேல்மாடியில், சனிக்கிழமைகளில், ஆறு வகுப்பு முடித்திருந்தேன். வகுப்பில் எல்லோரும் பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைகள். முப்பத்தெட்டு வயதில் நான் ஒருத்தி. அவர்கள் என்னை அன்ரி என்றார்கள். அதைக் கேட்டுக் கேட்டு, தாடிகூடச் சரியாக முளைக்காத வாத்தியாரும் அன்ரி என்றார். அந்த ஆறு வகுப்பில் நான் கற்றது மூன்று விஷயம். ஸ்க்ரீனில் 'வணக்கம்' என்று வரவைப்பது, இரண்டு இலக்கங்களைக் கூட்டுவது, சிவப்பு எழுத்தில் பிழை காட்டினால் பயப்படுவது. "கடைசியில எல்லாரும் கடை ஒண்டுக்கு ஒரு சின்ன ஸ்டொக் புரோகிராம் எழுத வேணும்" என்று வாத்தியார் சொல்லியிருந்தார். அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் ஒரு மனிதரின் பிழைப்பைப் பொறுப்பெடுத்தேன்.

இரண்டு கிழமையில் ஒரு புரோகிராம் பிறந்தது. திறந்தால் நாலு வரி வரும். ஒன்று, சாமான் சேர். இரண்டு, சாமான் எடு. மூன்று, சாமான் பார். நாலு, வெளியே போ. முதலில் நாலாவது மட்டும்தான் ஒழுங்காக வேலை செய்தது. பிறகு மற்றதும் வழிக்கு வந்தன.

முதலில் ஏதாவது பொய்ச் சாமான் ஒன்றைப் போட்டுப் பரீட்சித்துப் பார்க்கவேண்டும் என்பது வகுப்பில் சொன்ன பாடம். அண்ணை எனக்குப் பின்னால் நின்று ஆவலாக விடுப்புப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பகிடிக்கு, சாமானின் பெயர் 'இருக்கு அண்ணை' என்றும் எண்ணிக்கை 1 என்றும் அடித்தேன். 'சாமான் பார்' என்றதும் ஸ்க்ரீன் பணிவாகக் காட்டியது: முதலாவது சாமான், இருக்கு அண்ணை, ஒன்று.

அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி வாசித்தார்.

"என்னையும் உள்ளுக்குப் போட்டிட்டீங்களோ தங்கச்சி?"

"ஓம் அண்ணை. நீங்கள்தான் முதலாவது சாமான்."

"நல்லது" என்றவர், தான் போட்டிருந்த சேட்டைத் தூசி தட்டிக்கொண்டார். "கஸ்டமர் வந்து பாத்தாலும் பாப்பினம்."

பிறகு நானும் அவருமாக, இடையில் கொம்பியூட்டரை அணைக்காமல், இரண்டு நாள் இருந்து கடைச் சாமான் முழுவதையும் ஏற்றினோம். நானூற்றுப் பன்னிரண்டு சாமான். இரண்டாம் நாள் மாலை ஐந்து மணிக்குக் கொம்பியூட்டரை அணைத்துவிட்டு, வெற்றி வீராங்கனையாக பஸ் ஏறினேன். அடுத்த நாள் காலையில் வந்து 'சாமான் பார்' என்றால், ஸ்க்ரீன் பால் போல வெள்ளையாக இருந்தது. வாத்தியாருக்குப் போன் எடுத்தேன்.

"ஃபைல் ஒண்டில சேவ் பண்ண எழுதினீங்களோ அன்ரி?"

"அதையும் எழுதவேணுமோ?"

நான் போனை வைத்துவிட்டு, கணக்குப் புத்தகத்தின் மேல் தலையைப் போட்டு அழுதேன். அண்ணை ஓடி வந்தார்.

"ஏன் பிள்ளை அழுறீங்கள்? எங்க போகும்? இருக்கும். உள்ளுக்குத்தான் எங்கையாவது இருக்கும்."

சொன்னதோடு நிற்கவில்லை. கொம்பியூட்டரைத் திருப்பி முதுகில் தட்டிப் பார்த்தார். மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தார். அதுவும் சரிவராமல் போகவே குடையை எடுத்தார். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, அந்தோனியாருக்கு உகந்த நாள்.

"வாங்கோ, அந்தோனியாரிட்டப் போவம். துலைஞ்ச சாமானுக்கு அவரை விட்டால் ஆர்?"

நெற்றியில் மூன்று குறித் திருநீறோடு கொச்சிக்கடைக் கோயிலில் சனத்தோடு சனமாக வரிசையில் நின்று, மெழுகுதிரி கொளுத்தி, கைகூப்பிக்கொண்டு, அண்ணை நல்ல உரத்த குரலில் முறையிட்டார்: "அந்தோனியாரே, நானூத்திப் பன்னிரண்டு சாமான். முக்கால் இஞ்சி எல்போவில துவங்குது." முன்னால் நின்ற ஒரு அம்மா செபமாலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அழுத கண்ணோடு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தோனியார் என்ன கண்டுபிடித்துக் கொடுத்தார் என்பது கடைக்குத் திரும்பிய பிறகு தெரிந்தது. "அடியுங்கோ" என்று ஸ்டூலைப் போட்டு இருந்த அண்ணை, கண்ணை மூடிக்கொண்டு நானூற்றுப் பன்னிரண்டு சாமானையும், எந்தத் தட்டில் எத்தனை என்று, நான் முன்பு ஏற்றிய அதே ஒழுங்கில் ஒப்புவித்தார். நான் பத்துச் சாமானுக்கு ஒரு தரம் சேவ் பண்ணினேன். ஒன்றே ஒன்றில் மட்டும் என்னைத் திருத்தினார்.

"முதலாவது நான்தானே? என்னைப் போட்டிட்டு எல்போவுக்குப் போங்கோ."

இப்படிப்பட்ட மனிதருக்கும் எனக்கும் சண்டை வந்தது பூச்சியத்தால்.

ஒரு சாமான் தீர்ந்துபோனால் என் புரோகிராம் 'இல்லை' என்று காட்டும்படி எழுதியிருந்தேன். உலகத்தில் எல்லாப் புரோகிராமும் அப்படித்தான் காட்டும். அண்ணை அதைக் கண்டதும் தன் தோள் துவாயை எடுத்து ஸ்க்ரீனை மூடினார். ஒரு கற்பூரம் கொளுத்தினார்.

"கடைக்குள்ள எழுத்திலையும் அது வேண்டாம் தங்கச்சி."

சரியென்று அழித்துவிட்டு வெறும் பூச்சியத்தைக் காட்டவைத்தேன். அது முட்டை மாதிரி இருக்கிறது, விடியற்காலையில் அதில் முழிக்கக்கூடாது என்றார். 'முடிந்தது' என்று மாற்றினேன். "ஆள் முடிஞ்ச மாதிரி இருக்கு" என்று முகத்தைச் சுளித்தார். நாலு நாள் இழுபறிக்குப் பிறகு 'நாளைக்கு வரும்' என்பதில் இரண்டு பேரும் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். உலகத்திலேயே சாமான் தீர்ந்தால் ஆறுதல் சொல்லுகிற ஸ்டொக் புரோகிராம் என்னுடையது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

பிரச்சினை தீர்ந்தது என்று இருந்தேன். மார்கழி பிறந்ததும் மிஸ் ஒரு நாள் காலையில் வந்து உட்கார்ந்து, "எங்க, ஒருக்கால் செக் பண்ணிப் பாப்பம்" என்றார்.

ஸ்க்ரீனில் எல்லாச் சாமானும் இருந்தது. 'நாளைக்கு வரும்' என்று ஒரு இடத்தில்கூட வரவில்லை. எனக்கே அது கொஞ்சம் அதிசயமாகத்தான் பட்டது. மிஸ் பத்துச் சாமானைத் தெரிவு செய்தார். ஒவ்வொன்றிலும் ஒன்று இருக்கிறது என்றது ஸ்க்ரீன். எழுந்து போய் றாக்கையைப் பார்த்தார்.

"அரை இஞ்சி டீ, இல்லை."

கற்பூரம்.

"ஷவர் ஹெட், இல்லை."

கற்பூரம்.

"சிங்க் வேஸ்ட், அதுவும் இல்லை."

பத்தாவது சாமானுக்கு வரும்போது கடைக்குள் ஆளை ஆள் தெரியவில்லை. பார்மசிக்காரர் வாளியில் தண்ணீரோடு ஓடி வந்துவிட்டார். புகைக்குள்ளிருந்து மிஸ்ஸின் குரல் மட்டும் வந்தது.

"உங்கட சிஸ்டம் இருக்கெண்டு சொல்லுது, றாக்கை வெறுமையாக் கிடக்கு. மூண்டு நாள் தாறன். எங்க பிழையெண்டு கண்டுபிடியுங்கோ."

மூன்று நாளும் நான் எழுதிய ஒவ்வொரு வரியையும் பேன் பார்க்கிற மாதிரிப் பார்த்தேன். வாத்தியாருக்கு அனுப்பினேன். "கோட் சரி அன்ரி" என்று பதில் வந்தது. சரியென்றால் பூச்சியமெல்லாம் எப்படி ஒன்றாகிறது? என்னில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இந்த வயதில் உனக்கு இது தேவையா என்று பஸ்ஸில் நின்றுகொண்டு என்னையே திட்டினேன். மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பிடப் போனவள், கண்ணாடியை மறந்துவிட்டுப் பாதியில் திரும்பி வந்தேன்.

என் கதிரையில் அண்ணை உட்கார்ந்திருந்தார். ஒற்றை விரலால், சுவாமிப் படத்துக்குப் பூ வைக்கிற பக்குவத்தோடு, ஒவ்வொரு 'நாளைக்கு வரும்'க்குள்ளும் போய் ஒவ்வொரு ஒன்று போட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு வந்த கோபத்தில் வயது, மரியாதை எல்லாம் பறந்துவிட்டது.

"உங்களுக்கு விசரே அண்ணை? உங்கட வேலையைக் காப்பாத்தத்தானே நான் மூண்டு மாசமா மண்டையைப் போட்டு உடைக்கிறன்! நீங்களே வந்து குழி தோண்டுறீங்கள்!"

அவர் விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"வெறுமையாப் பாக்க மனம் கேக்குதே பிள்ளை? ஒண்டாவது இருக்கட்டும் எண்டு போட்டனான்."

"அப்பிடி என்ன அந்த ஒரு சொல்லில உங்களுக்கு?"

அண்ணை கதிரையை விட்டு எழும்பி, அதை என் பக்கம் தள்ளினார். பிறகு சொன்னார்.

"நான் ஊரில இருந்து வந்த புதுசில வெள்ளவத்தையில அறை தேடினனான். காலி வீதியில துவங்கி பாமன்கடை மட்டும். பதினேழு வீட்டுக் கதவைத் தட்டினன் தங்கச்சி. பதினேழிலயும் அந்தச் சொல்லுத்தான். சிலபேர் முழுக்கத் திறக்க முன்னமே சொல்லிப்போட்டினம். பதினெட்டாவது, இஞ்ச கொட்டாஞ்சேனையில ஒரு அம்மா, 'இருக்கு மகன், நாளைக்கு வாரும், கூட்டித் துடைச்சு வைக்கிறன்' எண்டா. பேந்துதான் தெரியும், அந்த மனுசி தன்ர சாமான் அறையை எனக்காக ஒழிச்சுத் தந்தது. அண்டைக்கு யோசிச்சன், என்னட்ட வாற ஒருத்தரும் அந்தச் சொல்லோட திரும்பிப் போகப்படாது எண்டு." பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வியாபாரத்துக்கும் நல்லதுதானே" என்றார்.

என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. இவ்வளவு கதையிலும் அந்த ஒரு சொல்லை அவர் சொல்லவே இல்லை என்பதும் எனக்குப் பட்டது.

அந்த நேரம் பார்த்து மிஸ் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"என்ன, கண்டுபிடிச்சீங்களோ?"

உண்மையைச் சொன்னால் அண்ணைக்கு அன்றே ரெஸ்ட். எனக்குப் பொய் சொல்ல வராது, அதனால் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"ஓம் மிஸ். என்ர புரோகிராமிலதான் பிழை."

"திருத்தலாமோ?"

"பாக்க வேணும்."

மிஸ் பெருமூச்சு விட்டார். "நான் யோசிச்சது சரிதான். உங்களிட்ட இதைக் குடுத்திருக்கக் கூடாது. நீங்கள் கணக்கு வேலையைப் பாருங்கோ. நான் வெளியில ஆள் பிடிக்கிறன். ஸ்டோர்ஸ்..."

"மிஸ்."

வாசலில் அண்ணை நின்றார். தோள் துவாயை இடுப்பில் கட்டியிருந்தார். கோயிலிலும் அவர் அப்படித்தான் நிற்பார்.

"தங்கச்சியில பிழை இல்லை."

எனக்கு முதலில் விளங்கவில்லை. காது பழகியிருக்கவில்லை. கவுண்டரில் நின்ற சுனில் பாஸுக்குத் தமிழ் அரைகுறைதான். அவரே திரும்பிப் பார்த்தார்.

"அந்தப் பிள்ளை எழுதினது சரி. நான்தான் களவாய் ஒண்டொண்டாப் போட்டனான். என்னை அனுப்புங்கோ. தங்கச்சியைக் குறை சொல்லாதேங்கோ."

சொல்லிவிட்டு நேரே பிள்ளையாரிடம் போனார். கற்பூரப் பெட்டியைத் திறந்தார். மூன்று நாளுக்கு முன் நடந்த சோதனையில் அது காலியாகியிருந்தது. பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினார்.

"கற்பூரம் வேணுமோ அண்ணை?" என்றேன்.

"இருக்கு" என்றார். "நாளைக்கு வரும்."

மிஸ் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். சிரிப்பை அடக்கினாரா, வேறு எதையாவதா என்று எனக்குத் தெரியாது. பிறகு, "பொங்கல் எண்டு சொன்னது பொங்கல்தான். அதுவரைக்கும் ரெண்டு பேரும் பாருங்கோ" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு நான் செய்த திருத்தம்தான் என் வாழ்க்கையில் நான் செய்த ஒரேயொரு புத்திசாலித்தனமான காரியம். வெறுமையாகப் பார்க்க அண்ணையால் முடியாதென்றால், வெறுமையாக விடாமல் அங்கே ஆட்களைப் போட்டால் என்ன? சாமான் தீர்ந்ததும் புரோகிராம் 'ஆருக்கு?' என்று கேட்கும். யார் கேட்டார்களோ அவருடைய பெயரை அடிக்கவேண்டும். பிறகு அந்த இடத்தில் 'நாளைக்கு வரும், சுனில் பாஸுக்கு நாலு' என்று காட்டும். சேவ் பண்ணவே தெரியாமல் அழுதவளுக்கு இதை எழுதி முடிக்கப் பதினொரு நாள் பிடித்தது.

அண்ணை அதைப் பார்த்தார். ஒற்றை விரலால் தானே ஒன்றை அடித்துப் பார்த்தார்.

"ஆள் இருக்கெல்லோ" என்றார். "அப்ப சரி."

அன்றிலிருந்து அவர் ஒன்று போடவில்லை.

பொங்கலுக்கு மூன்று நாள் முந்தி மிஸ் பட்டியலைத் தாளில் எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு சாமானும் விடாமல் எண்ணுவது என்று முடிவு. அண்ணை புதுச் சேட்டுப் போட்டிருந்தார். நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. மிஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்.

"முதலாவது. இருக்கு அண்ணை, ஒன்று."

என் தலையில் இடி விழுந்தது. அண்ணையின் ஆசைக்கு மறுபடியும் போட்ட பொய்ச் சாமானை அழிக்க மறந்துவிட்டேன். நான் வாயைத் திறக்க முன்னமே, அண்ணை றாக்கைக்குப் பக்கத்தில் நேராக நிமிர்ந்து நின்று, பள்ளிக்கூடத்தில் பெயர் வாசித்து இடாப்புக் கூப்பிட்ட மாதிரிச் சொன்னார்.

"இருக்கு!"

மிஸ் தலையை நிமிர்த்தி அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். தாளில் ஒரு சரி போட்டார்.

"சரி. ரெண்டாவது. முக்கால் இஞ்சி எல்போ."

சாயந்தரம் நாலு மணிக்கு எண்ணி முடித்தபோது எல்லாம் ஒத்துவந்தது. தீர்ந்த சாமான்களுக்குப் பக்கத்தில் காத்திருப்பவர்களின் பெயர்களைப் பார்த்த மிஸ், "இதுதான் எனக்கு வேணும், என்ன ஓர்டர் பண்ணுறதெண்டு இதிலயே கிடக்கு" என்று அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்தார். கல்கிசைப் பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை. வீட்டுக்குப் போகும்போது, பஸ்ஸில் முதன்முறையாக உட்கார இடம் கிடைத்தும் நான் நின்றுகொண்டே போனேன். அவ்வளவு சந்தோஷம்.

போன வருஷம் ஆவணியில் அண்ணை காய்ச்சல் என்று லீவு போட்டார். முப்பத்தொரு வருஷத்தில் முதல் லீவு. ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். கட்டிலில் பாதியாகிக் கிடந்தார். சத்தமாகக் கதைக்க முடியவில்லை.

"உடம்பு நோவு இருக்கோ அண்ணை?"

"இருக்கு" என்றார், வழக்கம்போல. பிறகு என் கையைத் தட்டினார். "பயப்படாதேங்கோ. நாளைக்குக் கடைக்கு வாறன்."

அவர் சொன்ன நாளைக்குகளில் வராமல் போனது அது ஒன்றுதான்.

இந்தத் தைக்கும் எண்ணினோம். இப்போது ஸ்டோர் கீப்பராக இருப்பவர் ஒரு அக்கா, நல்ல கெட்டிக்காரி. றாக்கைக்குப் பக்கத்தில் தயாராக நின்றார். மிஸ் தாளைப் பிடித்துக்கொண்டு, "முதலாவது" என்று தொடங்கி நிறுத்திவிட்டார். தாளில் 'இருக்கு அண்ணை, ஒன்று' என்று இருந்தது.

"இது என்ன சாமான் மிஸ்?" என்றார் அந்த அக்கா, தட்டுகளைத் தேடிக்கொண்டு. "எந்தத் தட்டில?"

மிஸ் என்னைப் பார்த்தார். நான் பிள்ளையார் படத்தைப் பார்த்தேன். மிஸ்ஸின் பேனை சிறிது நேரம் தாளுக்கு மேலே நின்றது.

"இருக்கு" என்றார் மிஸ். சரி போட்டார். "ரெண்டாவது. முக்கால் இஞ்சி எல்போ."

புரோகிராம் என்னுடையது. கணக்குப்படி அந்த ஒன்றை நான் எப்போதோ எடுத்திருக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் எவ்வளவோ எழுதப் பழகிவிட்டேன், அதை எடுக்கிறதுக்கு மட்டும் எனக்கு இன்னும் கை வரவில்லை.